யூதாஸும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தானே
இயேசுவைக் காட்டிக்கொடுத்த சீடன் யூதாஸ் வெறுமனே வருத்தப்பட்டான், தவறை ஒப்புக்கொள்ளவில்லை, அதனால்தான் அது மனந்திரும்புதல் ஆகவில்லை என்று மேலே உள்ள கட்டுரையில் இருப்பது சரியில்லை. பைபிளில் மத்தேயு 27-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள், குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்துப் பாவம் செய்தேன் என்று வாய்விட்டுச் சொல்கிறான், 30 வெள்ளிக்காசையும் திருப்பிக் கொண்டுபோகிறான், நம்மில் எத்தனை பேர் அவ்வளவு தூரம் போவோம்? ஆனால் அவன் போனது இயேசுவிடம் அல்ல, அந்தப் பணத்தைக் கொடுத்த பிரதான ஆசாரியர்களிடம், அவர்கள் எங்களுக்கென்ன என்று கைவிரித்துவிட்டார்கள். இன்னொரு சீடரான பேதுருவோ இயேசுவைத் தெரியாது என்று 3 தடவை மறுதலித்தவர், கரையில் நிற்பது உயிர்த்தெழுந்த இயேசு என்று தெரிந்ததும் படகு கரைசேரும்வரைகூடப் பொறுக்காமல் கடலில் குதித்துவிட்டார். பின்னூட்டத்தில் ஒருவர், வரி வசூலிப்பவனான சகேயுவைப் போல ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்கிறார். இயேசு அவன் வீட்டுக்கு வருகிறேன் என்று சொன்ன பிறகுதான் சகேயு அந்தப் பேச்சையே எடுக்கிறான், அதை மறந்துவிட்டாரோ என்னவோ. என் கதை, அண்ணனின் நிலப் பங்கில் ஏமாற்றிவிட்டு 6 வருஷம் உபவாச ஜெபத்தில் தவறாமல் அழுதேன், அழுதால் மனசு லேசாகிவிடும், அப்புறம் அடுத்த மாதம் வரை நிம்மதி. அத்தனையும் எனக்காக நானே அழுதது என்று ரொம்பப் பிந்தித்தான் உறைத்தது. பத்திரத்தை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போன அன்று கண்ணீரே வரவில்லை, கால்தான் நடுங்கியது.