கெட்டமின் போட்டா ஆன்மா வெளிய போகுதா?

கெட்டமின்ல உடம்ப விட்டு மேல போய்த் தன்னையே பாத்தவங்க ஆன்மாவையே பாத்துட்டாங்கன்னு நான் படிச்ச ஒரு கட்டுரையில இருக்கு, என்னால ஒத்துக்க முடியல. கெட்டமின் 1970லேந்தே ஆஸ்பத்திரில மயக்க மருந்தா இருக்கு, மூளை செல்லுங்க சேதி வாங்குற என்எம்டிஏ ரிசெப்டர அடைச்சிடும், கை எங்க கால் எங்கன்னு உடம்பு அனுப்புற சேதி சரியா சேராது, அப்ப மிதக்குற மாதிரி தோணத்தான செய்யும்? மருந்தே இல்லாமலும் இது வந்திருக்கு. 2002ல ஜெனீவால ஓலாஃப் பிளாங்கேன்னு ஒரு டாக்டர், வலிப்பு நோயாளி ஒருத்தங்க மூளையில காதுக்குக் கொஞ்சம் மேல, வலது பக்கம் லேசா கரண்ட் குடுத்தாரு, அவங்க படுத்திருக்கிறத மேலேந்து பாத்தாங்களாம், அதுவும் காலும் உடம்போட கீழ்ப்பகுதியும் மட்டும். ஆன்மா போய்ப் பாத்தா அரை உடம்புதான் தெரியுமா என்ன!

தென்னாப்பிரிக்கால டர்பன்ல இருக்குற நமக்கு இது புதுசா? தைப்பூசத்துல விரதம் இருந்து, மேளச் சத்தத்துல அருள் வந்து ஆடுறவங்கள பாத்துதான வளந்தோம். அதுலயும் மூளை வேலை செய்யுது, இல்லன்னு சொல்லல, ஆனா அங்க விரதம், வேண்டுதல், கூட நிக்கிற சொந்தபந்தம் எல்லாம் இருக்கு, மறுநாளும் அந்த ஆளு ஒழுங்கா இருக்கணும்னு கோயில்ல எதிர்பாப்பாங்க. கெட்டமின் பவுடர்ல அது எங்க இருக்கு? இங்க நம்மாளுங்க நிறைய இருக்குற சாட்ஸ்வர்த்ல சுகர்ஸ்ங்கிற ஹெராயின் கலந்த போதைப் பவுடர் எத்தன குடும்பத்த அழிச்சிச்சுன்னு தெரிஞ்சும் போதைக்கு சாமி பேர் வைக்கிறது எனக்குப் பிடிக்கல. டாக்டர் பக்கத்துல இருந்து டிப்ரஷனுக்குக் குடுக்குறது வேற விஷயம், அத நான் குறை சொல்லல.