பாதிதான் சரி

முன்பின் தெரியாதவர்கள் சரியாகப் பேசிக்கொள்ளாததால்தான் சின்னத் தகராறு கொலையில் முடிகிறது என்கிறது கட்டுரை. ஒப்புக்கொள்கிறேன், ஆனால் பாதிதான்.

எங்கள் ஹட்டன் - நுவரெலியா வீதியில் வளைவில் ஹோர்ன் அடிப்பது எச்சரிக்கை. கொழும்பிலிருந்து வரும் வேன்காரருக்கு அது திமிராகப் படுகிறது. ஏப்ரல் சீசனில் கேட்கவே வேண்டாம். ஒருவர் சிங்களத்தில் கத்த, மற்றவர் தமிழில் கத்த, இருவருக்கும் விளங்குவது சத்தம் மட்டும்தான். 1987இல் இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியானது. விலக்க வரும் பொலிஸ்காரருக்குத் தமிழ் தெரிந்திருந்தால் இன்றும் அது அதிர்ஷ்டம்தான்.

அப்புறம், எல்லாவற்றையும் 'புரிதல் இல்லாமை' என்று கழுவிவிட முடியாது. பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ, 2000 ஒக்டோபர் 25. முதல்நாள் இரவு, விடுதலைப் புலிகளோடு தொடர்புடையவர்கள் எனப் புனர்வாழ்வு முகாமில் தடுத்துவைக்கப்பட்டிருந்த இளைஞர்களுக்கும் அதிகாரிகளுக்கும் வாக்குவாதம். வெளியே வதந்தி பரவியது. காலையில் கும்பல் புகுந்து 25க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களைக் கொன்றது. பொலிஸ் அங்கேயேதான் நின்றது! இந்தக் கொலைகளுக்காகத் தண்டனை பெற்றவர்களில் எஞ்சியிருந்தவர்களையும் 2005இல் உயர் நீதிமன்றம் விடுவித்துவிட்டது. வதந்தி மூட்டியது சரி, தடுக்க வேண்டியவர்கள் ஏன் கைகட்டி நின்றார்கள் என்பதையும் கட்டுரையாளர் எழுதட்டும்.