கித்தார் கேமை நக்கல் அடிப்பவர்களுக்கு

வீடியோ கேம் வைத்துக் கித்தார் பழகுகிறேன் என்று சொன்னாலே நம்ம ஆட்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?" என்பார் என் பெரியண்ணன். ஒரு காலத்தில் பினாங்கில் கல்யாண விருந்துகளில் வாசித்துப் பேர் எடுத்தவர். இந்த விவகாரத்தில் ஆயர் ஈத்தாம் மாமாக் சாப்பாட்டுக் கடையில் எங்கள் தே தாரிக் டீ பல தடவை ஆறிப்போயிருக்கிறது. அவர் சொல்வதில் பாதி சரி. எந்தப் பாதி என்பதில்தான் சண்டையே.

அண்ணன் மனசில் இருப்பது 2005-இல் வந்த 'கிட்டார் ஹீரோ'. பிளாஸ்டிக் கித்தார், அதில் பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம், ஆரஞ்சு என்று ஐந்து பொத்தான். அதில் எவ்வளவு பெரிய சூரனாக இருந்தாலும் நிஜக் கித்தாரைக் கையில் கொடுத்தால் முழிக்க வேண்டியதுதான். நான் சொல்வது அதை அல்ல. யூபிசாஃப்ட் 2011-இல் கொண்டுவந்த 'ராக்ஸ்மித்'. இதற்குப் பொம்மைக் கித்தார் வேண்டாம். நம்மிடம் இருக்கும் எலெக்ட்ரிக் கித்தாரில் கேபிளின் ஒரு முனை, மறுமுனை யூஎஸ்பி வழியே கணினியிலோ கேம் பெட்டியிலோ. நாம் தட்டியது எந்தச் சுரம் என்று கேமே கேட்டுக் கண்டுபிடித்துவிடும்.

பாட்டு தொடங்கும் முன் கம்பிகளைச் சுதி சேர்க்கச் சொல்லும். பிறகு ஆறு கம்பிக்கும் ஆறு நிறம், சுரங்கள் திரையில் நம்மை நோக்கி ஓடி வரும். ஆரம்பத்தில் அங்கொன்று இங்கொன்றாகத்தான் அனுப்பும். சரியாக அடிக்க அடிக்கக் கூட்டிக்கொண்டே போகும். திணறினால் சத்தமில்லாமல் குறைத்துக்கொள்ளும். பிடிபடாத இடத்தை மட்டும் வெட்டி எடுத்து, வேகத்தைக் குறைத்து, திரும்பத் திரும்ப ஓடவிட 'ரிஃப் ரிப்பீட்டர்' என்று ஒன்று இருக்கிறது. என்னைக் கேட்டால் மொத்தக் கேமிலும் உருப்படியானது இதுதான். ஒரே நாலு வினாடித் துண்டை இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கேட்டால் எந்த வாத்தியாரும் மணியைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். கேம் பார்க்காது. அடுக்குமாடி வீட்டில் நள்ளிரவில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பழகலாம், பக்கத்து வீட்டு ஆண்டி கதவைத் தட்ட மாட்டார்.

விரல் நுனி எரிந்து, பிறகு காய்த்துப் போகும் வரை ஒருவரைக் கித்தாரோடு உட்கார வைப்பதுதான் ஆரம்பத்தில் பெரும்பாடு. எத்தனையோ பேர் எஃப் கார்டு (ஒரே விரலால் பல கம்பிகளைச் சேர்த்து அழுத்த வேண்டிய சுரக்கூட்டு) வந்ததும் கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். உட்கார வைக்கிற வேலையைக் கேம் நன்றாகவே செய்கிறது. இது நான் ஜெயித்த பாதி.

அண்ணன் பாதிக்கு வருவோம். கேமுக்குக் காது உண்டு, கண் கிடையாது. கட்டைவிரல் கித்தாரின் கழுத்தைப் பிடித்து நெரிக்கிறதா, மணிக்கட்டு மடங்கிக் கிடக்கிறதா, அதற்குத் தெரியாது. மூன்றாவது கட்டத்தில் விரலைக் கம்பியின் கீழ் இருக்கும் உலோகப் பட்டைக்கு ஒட்டி, அதற்குச் சற்றுப் பின்னால் அழுத்தினால் சுரம் மணி மாதிரி கேட்கும். அதிலிருந்து தள்ளி அழுத்தினால் 'ஸ்ர்ர்' என்று உரசும். கேம் பெரும்பாலும் இரண்டையும் சரி என்று ஏற்றுக்கொண்டு புள்ளி போட்டுவிடும். கேட்கிறவர் ஏற்றுக்கொள்வாரா?

அதைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று. அண்ணன் காலத்தில் கேசட்டை ஓடவிட்டு, நிறுத்தி, சுரத்தைக் கம்பியில் தேடித் தேடித்தான் பழகினார்கள். எல்லாம் கேள்வி ஞானம். 'அல்லிகேட்ஸ்' இசைக்குழுவின் டேவிட், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்கள் நம்ம பினாங்கிலிருந்து கிளம்பிப் போய் மலாய்ப் பாட்டில் நாட்டையே கட்டிப்போட்ட கதையைச் சொல்லிவிட்டு, "அவங்களுக்கு எந்த டிவிடா கலர் கலரா காட்டுச்சு?" என்று கேட்பார். பதில் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கும். கேமில் பழகியவர் கண்ணை நம்பி வாசிக்கிறார். தொண்ணூறு விழுக்காடு எடுத்த பாட்டை, திரையை அணைத்துவிட்டு வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். முதல் வரியிலேயே கை நின்றுவிடும்.

கேம் செய்தவர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது. 'ராக்ஸ்மித் 2014' பதிப்பில் 'மாஸ்டர் மோட்' என்று வைத்தார்கள். நன்றாக வாசிக்க வாசிக்கத் திரையில் சுரங்கள் மங்கி மறைந்துவிடும். ஞாபகத்திலிருந்துதான் வாசிக்க வேண்டும். எனக்குத் தெரிந்து விளையாடுகிற பிள்ளைகள் அந்தப் பக்கமே போவதில்லை. புள்ளி குறையுமே! புள்ளிக்கு ஆசைப்பட்டு அதை ஒதுக்கினால் பழகியது திரையை, கித்தாரை அல்ல.

பாட்டுப் பட்டியலும் பெரும்பாலும் வெள்ளைக்காரர் ராக்தான். நம்ம சினிமாப் பாட்டு வேண்டுமென்றால் நாமே காதால் தேடி எடுக்க வேண்டும். இதைக் குறையாகப் பலர் சொல்கிறார்கள். எனக்கு அது வரமாகத்தான் பட்டது. விரல் பழக்கத்தைக் கேமில் ஏற்றிக்கொண்டு, காதை நம்ம பாட்டில் தீட்டலாம். இதை அண்ணனிடம் சொன்னபோது மட்டும் அவர் மறுத்துப் பேசாமல் இன்னொரு ரொட்டி சானாய் ஆர்டர் செய்தார்.

"இதுக்கு சர்டிபிகேட் உண்டா?" என்று கேட்கும் பெற்றோருக்கு: இசை கிரேட் பரீட்சைதான் குறி என்றால் நேரே வாத்தியாரிடம் அனுப்புங்கள், இதில் நேரத்தை வீணாக்க வேண்டாம். 2022-இல் வந்த 'ராக்ஸ்மித் பிளஸ்' சந்தா கட்டி ஓட்டுவது, கேபிள் இல்லாமல் கைப்பேசி மைக்கிலும் கேட்டுக்கொள்ளும். சாதாரணக் கித்தார் வைத்திருப்பவர்களுக்கு அது வசதி. சும்மா கிடந்தாலும் சந்தா பிடிப்பார்கள் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று. சத்தத்தை டிவி ஸ்பீக்கரில் விடாதீர்கள். எச்டிஎம்ஐ வழியாகப் போய் டிவி அதை வெளியே விடுவதற்குள் ஒரு கணம் பிந்திவிடும். தட்டியதும் கேட்பதும் ஒட்டாது. புளூடூத்தும் அதே கதைதான். கம்பி வைத்த ஹெட்போனை, டிவியில் அல்ல, கேம் ஓடும் கணினியிலோ பெட்டியிலோ நேரே செருகுங்கள். "எனக்குத் தாளமே வராது" என்று கித்தாரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்ட ஒருவரை எனக்குத் தெரியும். தாளம் தப்பியது அவர் கையில் அல்ல, டிவியில்.