மின்தூண்டல் மட்டும் பேச்சை மீட்டுவிடாது

“நெற்றியில் 20 நிமிடம் மின்சாரம் கொடுத்தால் டிமென்ஷியாவில் (மறதிநோயில்) போன பேச்சு திரும்பிவிடும், 9 வோல்ட் பேட்டரி போதும்” என்று ஒரு பதிவில் எழுதியிருப்பது பாதி உண்மைகூட இல்லை.

இந்தப் பேச்சு கிளம்பிய இடம் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்து 2018-ல் வெளியான ஆய்வு. பங்கேற்றவர்கள் 36 பேர். எல்லாருக்கும் இருந்தது படிப்படியாக மொழியை இழக்கும் ‘பிரைமரி புரோகிரசிவ் அஃபேசியா’. பொதுவான மறதிநோய் அல்ல. மூளையின் இடது முன்மடலில் உள்ள கீழ்மடிப்புக்கு மேல் 2 மில்லி ஆம்பியர் செலுத்தினார்கள். முக்கியமானதைத்தான் அந்தப் பதிவு விட்டுவிட்டது: கூடவே சொற்களைச் சரியான எழுத்துகளில் எழுதும் பயிற்சியும் நடந்தது. இந்த அளவு மின்சாரம் நரம்பணுவைத் தானாகச் சமிக்ஞை அனுப்பவைக்காது, அனுப்புவதைக் கொஞ்சம் எளிதாக்கும், அவ்வளவே. பயிற்சி இல்லையென்றால் எதை வலுப்படுத்துவது? இந்த நோயிலேயே சொற்களின் பொருள் மறந்துபோகும் வகையினருக்குக் கூடுதல் பலன் தெரியவில்லை. நோய் நிற்பதுமில்லை.

பேட்டரி விஷயம் ஆபத்து. முறையான கருவி மின்னோட்டத்தை நிலையாக வைத்து, மெல்ல ஏற்றி மெல்ல இறக்கும். மின்தடை மிகுந்தால் எச்சரிக்கும். வெறும் பேட்டரிக்கு அந்தப் புத்தி கிடையாது. மின்முனைக்கும் தோலுக்கும் நடுவே வைக்கும், உப்புநீரில் நனைத்த 5×5 செ.மீ. பஞ்சு ஓரத்தில் காய்ந்தால் மின்சாரம் ஈரமுள்ள சிறு இடத்தில் குவிந்து தோல் புண்ணாகும். சொட்டச் சொட்ட நனைத்தாலோ நீர் முடிவழியே பரவி, மின்சாரம் குறிவைத்த இடத்தைவிட்டுச் சிதறும். வலிப்பு வந்தவர்கள், மண்டைக்குள் உலோகம் உள்ளவர்கள் நரம்பியல் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

இப்போதே தொடங்கக்கூடியது பேச்சுப் பயிற்சியாளரிடம் போவதுதான்.