மழைக்கால 'பட்பட்' சத்தத்துக்குக் கேப்ஸ்யூலைப் பழிக்காதீங்க

மேலே ஒருத்தர் "கண்டென்சர் மைக்கில் பொரியுற மாதிரி சத்தம் வந்தா கேப்ஸ்யூல் போச்சு, மாத்திடுங்க"ன்னு சொல்லியிருக்கார். கேப்ஸ்யூல்னா மைக்குக்குள்ள ஒலியைப் பிடிக்கிற பகுதி. ஆனா பெரும்பாலும் அந்தச் சத்தத்துக்குக் காரணம் ஈரம்தான். பல கண்டென்சர் மைக்குகளில் கேப்ஸ்யூலுக்குச் சுமார் 60 வோல்ட் வரும். அது போற வழியிலுள்ள ரெசிஸ்டரே (மின்தடை) 1 கிகா ஓம் அளவு, அதாவது நூறு கோடி ஓம்; அதனால ரொம்பச் சின்னக் கசிவும் சத்தமாத் தெரியும். அந்த இடத்தில் மெல்லிய ஈரப்படலமோ விரல் எண்ணெயோ இருந்தாலே மின்சாரம் விட்டுவிட்டுக் கசியும். அதுதான் பட்பட்.

முதல்ல கேபிளையும் சேனலையும் மாத்திப் பாருங்க. மைக்கைக் கழற்றிட்டு, பாண்டம் பவரை (மிக்சர் கேபிள் வழியா மைக்குக்கு அனுப்புற 48 வோல்ட்) போட்டு, கேபிள் முனையில் பின் 1-2, 1-3 இடையே அளந்தா ரெண்டுலயும் 44-லிருந்து 52 வோல்ட்டுக்குள் வரணும். சரியா இருந்தா, மூடி இறுக்கமான டப்பாவில் மைக்கைச் சிலிக்கா ஜெல்லோட (ஈரம் உறிஞ்சும் மணிகள்) ஒரு நாள், ரெண்டு நாள் வைங்க. ஹேர் டிரையர் வேண்டவே வேண்டாம், கேப்ஸ்யூலின் மெல்லிய சவ்வான டயஃப்ரம் தளர்ந்துடும்.

காய்ஞ்ச பிறகும் சத்தம் வந்தா, பாண்டம் பவரை அணைச்சு சில நிமிஷம் விட்டுத் திறங்க. எஃப்ஈடி (கேப்ஸ்யூலிலிருந்து சிக்னலை வாங்குற டிரான்சிஸ்டர்), அந்த 1 கிகா ஓம் ரெசிஸ்டர், சுத்தியுள்ள போர்டு இதை மட்டும் 99% ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைங்க. டயஃப்ரத்தைத் தொடாதீங்க, வாயால ஊதவும் கூடாது; எச்சில் பட்டா புதுத் தலைவலி. அதுக்கப்புறமும் நிக்கலைன்னா கேப்ஸ்யூலைச் சந்தேகப்படலாம்.