பேஷண்ட் அவன், பேச்செல்லாம் அப்பாவிடம்

நம்ம ஊர் புற்றுநோய் சிகிச்சையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாறில் புற்றுநோய் ஆஸ்பத்திரியாக ஆரம்பித்து வைத்தது, இன்றைக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் ஒரு குடும்பம் வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை எடுக்கலாம் என்கிற அளவுக்கு வந்திருக்கிறது. சின்ன விஷயமில்லை. என் ஆதங்கம் வேறு. இருபதுகளில் இந்த நோய் வந்தவர்களிடம் இங்கே யாரும் நேருக்கு நேர் பேசுவதே இல்லை.

குழந்தைகள் வார்டில் சுவரில் பொம்மைப் படமாவது இருக்கும். பெரியவர்கள் வார்டில் பக்கத்துக் கட்டிலில் எழுபது வயசுத் தாத்தா படுத்திருப்பார். இருபத்து மூன்று வயசுக்காரன் இரண்டிலும் ஒட்டமாட்டான். 15-லிருந்து 39 வயசு வரை உள்ளவர்களைத் தனிப் பிரிவாகவே பார்க்கிறது அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனம். பிரிட்டனில் 1990-லேயே பதின்வயதினருக்கென்று தனி வார்டு திறந்துவிட்டார்கள். இந்த வயசில் அதிகம் வருகிற லிம்போமா (நிணநீர்ப் புற்று), ரத்தப் புற்று, விதைப்பை, தைராய்டு புற்றுநோய்களில் பலவற்றைக் குணப்படுத்த முடியும். அதாவது, கீமோ முடிந்த பிறகு அவனுக்கு முன்னால் இன்னும் நாற்பது, ஐம்பது வருஷ வாழ்க்கை பாக்கி இருக்கிறது. படிப்பு, வேலை, கல்யாணம், குழந்தை எல்லாம் அதில்தான் வரவேண்டும்.

என் சித்தி மகனுக்கு லிம்போமா. ஓபியில் டாக்டர் முகம் முழுக்க சித்தப்பா பக்கம்தான். "பையனுக்குப் பசி எடுக்குதா?" பையன் பக்கத்து ஸ்டூலில்தான் உட்கார்ந்திருக்கிறான்! சித்தப்பாவும் லேசுப்பட்டவர் இல்லை. முதல் நாளே டாக்டரிடம் தனியாகப் போய், "அவன்கிட்ட கட்டின்னு மட்டும் சொல்லுங்கய்யா, தாங்கமாட்டான்" என்று சொல்லி வைத்திருந்தார். கையில் செல்போன் இருக்கிற பையனிடமா மறைக்க முடியும்? மருந்துச் சீட்டில் இருந்த சைக்ளோபாஸ்பமைடு என்ற கீமோ மருந்தின் பெயரை ராத்திரியோடு ராத்திரியாகத் தேடிப் படித்துவிட்டான். ஆனால் தேடத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. டாக்சோரூபிசின் என்று ஒரு சிவப்பு மருந்து ஏற்றுவார்கள். அன்றைக்குச் சிறுநீர் சிவப்பாகத்தான் போகும், பயப்பட ஒன்றுமில்லை. இதைச் சித்தப்பாவிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர் மறந்துவிட்டார். பாத்ரூமில் ரத்தம் போகிறது என்று நினைத்துக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தான். எனக்குப் போன் வந்தது: "அண்ணா, அப்பாகிட்ட சொல்லாத. எனக்கு முடிஞ்சிருச்சுன்னு நினைக்கிறேன்."

இதாவது ஒரு மணி நேரப் பயம். திருப்பி வாங்க முடியாத இழப்பும் ஒன்று இருக்கிறது. சில கீமோ மருந்துகளும், இடுப்புப் பகுதிக்குக் கொடுக்கும் ரேடியேஷனும் பிற்காலத்தில் குழந்தை பிறக்கும் வாய்ப்பைக் கெடுத்துவிடலாம். ஆணென்றால் முதல் கீமோவுக்கு முன்பே விந்தணுவைச் சேமித்து உறைய வைக்கலாம். பெரும்பாலும் ஓரிரு நாள் வேலைதான். பெண்ணென்றால் ஊசி போட்டுக் கருமுட்டையை எடுக்க இரண்டு வாரம் வரை ஆகும். தீவிர ரத்தப் புற்று மாதிரி சிலவற்றில் அத்தனை நாள் காத்திருக்க முடியாது. ஆனால் முடியுமா, முடியாதா என்பதைச் சொல்லவாவது வேண்டாமா? சிகிச்சை தொடங்கும் முன்பே நோயாளியிடம் இதைப் பேசிவிட வேண்டும் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கம் 2006-லேயே வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது.

இங்கே எப்படிப் பேசுவது? அறையில் அப்பா, அம்மா, அத்தை, மாமா. இருபத்தோரு வயசுப் பெண், கல்யாணம் ஆகாதவள். டாக்டருக்கே வாய் வராது. தப்பித்தவறி அவர் எடுத்தாலும், "முதல்ல உசுரு பிழைக்கட்டும், மத்ததை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று பெரியவர்கள் முடித்துவிடுவார்கள். அந்த 'அப்புறம்' வரும்போது காலம் கடந்திருக்கும். மேஜரான பெண். ஓட்டுப் போடலாம், லோன் வாங்கலாம். தன் கருமுட்டையைப் பற்றி மட்டும் அத்தை பதில் சொல்வாராம்.

வேலை விஷயத்தில் உருப்படியான தகவல் ஒன்று. நோய் தெரிந்ததும் முதல் வேலையாக ராஜினாமா எழுதிக் கொடுக்காதீர்கள். சம்பளத்தில் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருந்தால், புற்றுநோய் அவர்களின் நீண்டகால நோய்ப் பட்டியலில் உண்டு. இரண்டு வருஷம் தொடர்ந்து வேலையில் இருந்து, சந்தா நிபந்தனைகளும் பூர்த்தியானால், சம்பளத்தில் 80 சதவீதம் இரண்டு வருஷம் வரை கிடைக்கும். சிகிச்சைக்குப் போய்வர ரயிலில் ஸ்லீப்பருக்கும் மூன்றடுக்கு ஏசிக்கும் நோயாளிக்கு முழுச் சலுகை, துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம். சான்றிதழ் படிவத்தை ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்குங்கள். இதெல்லாம் கேட்டால்தான் கிடைக்கிறது. கேட்க வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்கு யாராவது சொல்லியிருந்தால்தானே?

பார்க்க வருகிற எல்லோரும் தவறாமல் யுவராஜ் சிங் கதையைச் சொல்கிறார்கள். 2012-ல் அமெரிக்காவில் கீமோ எடுத்துக்கொண்டு அதே வருஷம் இந்திய அணிக்கு ஆடியவர். சந்தேகமில்லாமல் பெரிய விஷயம். ஏழாவது ஆளும் அதையே சொன்னபோது என் தம்பி, "அவருக்கு பிசிசிஐ இருந்துச்சு மாமா. எனக்கு டீம் லீடர்தான் இருக்காரு" என்றான். அவனுக்கு வேண்டியிருந்தது, போன வருஷம் இதே மருந்தை ஏற்றிக்கொண்டு இப்போது வேலைக்குப் போகிற இன்னொரு பையன். முடி எப்போது முளைக்கும், பைக் எப்போது ஓட்டலாம், பேசிக்கொண்டிருந்த பெண்ணிடம் என்ன சொல்வது என்பதையெல்லாம் அவனிடம்தான் கேட்க முடியும். இந்தியப் புற்றுநோய் சங்கம் 'உகம்' என்ற பெயரில், சிறுவயதில் நோய் வந்து மீண்டவர்களுக்கென்று ஒரு குழு நடத்துகிறது. இருபதுகளில் நோய் வருபவர்களுக்கும் மாவட்டத்துக்கு ஒன்றாவது அப்படி வேண்டும். நடு ராத்திரியில் மனசு தாங்காதபோது டெலி மானஸ் 14416-ஐக் கூப்பிடலாம். அரசுச் சேவை, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

தனி வார்டு கட்ட நிதி வேண்டும், இடம் வேண்டும், வருஷக்கணக்காகும். சரி, ஒத்துக்கொள்கிறேன். நான் கேட்பதற்குக் கட்டடமே வேண்டாம். பதினெட்டு வயசு தாண்டியவர் முதல் கீமோவுக்கு வரும்போது, கூட வந்தவர்களைப் பத்து நிமிஷம் வெளியே உட்கார வைத்துவிட்டு, டாக்டரோ நர்ஸோ அவரிடம் மட்டும் பேச வேண்டும். என்ன நோய், என்ன மருந்து, குழந்தைப் பேறுக்கு என்ன வழி, உனக்கு என்ன கேட்கணும். பெற்றவர்களை வெளியே போகச் சொல்வதா என்று சண்டைக்கு வருகிறவர்கள் கமெண்ட்டில் வரலாம். என் சித்தப்பா ஏற்கனவே போனில் வந்துவிட்டார்.