இரண்டரைப் பாட்டில் முடிந்த தீர்ப்பு

சனிக்கிழமை மட்டக்களப்புக் கல்லடியில் நடந்ததைப் பற்றி எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். வந்தவர்களுக்குத் தெரியும், வராதவர்களுக்கும் இதற்குள் கதை வந்து சேர்ந்திருக்கும். இங்கிலாந்துப் பாடகர் பீட்டர் கேப்ரியல் பல நாட்டுக் கலைஞர்களைச் சேர்த்துச் செய்த 'பிக் ப்ளூ போல்' இசைத்தொகுப்பை முழுக்கக் கேட்டுவிட்டுக் கதைப்போம் என்றுதான் கூடினோம். மொத்தம் 11 பாட்டு. இரண்டாவது பாட்டு ஓடும்போதே ஒருவர் எழும்பி, "உலக இசையும் இல்லை, பொப்பும் இல்லை, இது அச்சாறு" என்றார். மூன்றாவது பாட்டில் பாடகர் பாப்பா வெம்பாவின் உச்சக் குரலை ஒரு தம்பி கீச்சுக் குரலில் பாடிக் காட்ட, எல்லோரும் சிரித்தார்கள். பாட்டை நிறுத்தினார்கள். தேத்தண்ணி வந்தது. அப்புறம் ஒரு மணித்தியாலம் கருத்துச் சொன்னார்கள்.

பாட்டுக் கேட்க நேரமில்லை, கருத்துச் சொல்ல மட்டும் நேரம் இருந்தது.

பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. ஆனால் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். நீங்கள் சிரித்த அந்தக் குரலுக்குரியவர் கொங்கோவில் ஒரு தலைமுறையையே ஆட வைத்தவர். 2016இல் அபிஜானில் மேடையில் பாடிக்கொண்டிருந்தபோதே விழுந்து இறந்து போனவர். அந்தப் பாட்டில் அவருக்குப் பக்கத்தில் ஸ்பெயின்காரரான கன்யிசாரெஸ் பிளமெங்கோ கிற்றார் வாசிக்கிறார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரிந்திருக்குமோ தெரியாது, ஆனால் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் இடம்விட்டுப் போகிறார்கள். அதைக் கேட்பதற்குத்தான் நான் உங்களைக் கூப்பிட்டேன்.

"வெள்ளைக்காரன் எல்லாரையும் கூட்டிவந்து தன் பெயரில் வித்துப்போட்டான்" என்றார் ஒரு அண்ணன். இந்தக் கேள்வியை நானும் கேட்கிறவன்தான். 1986இல் 'கிரேஸ்லாண்ட்' தொகுப்பு வந்தபோது, தென்னாபிரிக்காவின் நிறவெறி ஆட்சிக்கு எதிரான கலாசாரப் புறக்கணிப்பு நடக்கும் காலத்தில் அமெரிக்கப் பாடகர் போல் சைமன் ஜொஹன்னஸ்பேர்க் போய் ஒலிப்பதிவு செய்தது சரியா என்ற சண்டை இன்றுவரை ஓயவில்லை. ஓயவும் தேவையில்லை. ஆனால் இந்தத் தொகுப்பு வேறு விதமாகப் பிறந்தது. 1991, 1992, 1995 ஆகிய ஆண்டுகளில் இங்கிலாந்தின் பொக்ஸ் கிராமத்தில் பீட்டர் கேப்ரியல் தன் ஸ்டூடியோவைத் திறந்துவிட்டார். பல நாட்டுக் கலைஞர்கள் வந்து கிழமைக் கணக்கில் தங்கி, சேர்ந்து பாட்டுக் கட்டினார்கள். 'ஹபீபே'யை நட்டாச்சா அட்லஸ் பாடுகிறார், தாளம் எகிப்தியரான ஹொசாம் ராம்சி. இன்னொரு பாட்டை ஹங்கேரியின் மார்தா செபெஸ்தியேன் பாடுகிறார். மடகாஸ்கரின் ரொஸிக்கும் ஒரு பாட்டு. பீட்டர் கேப்ரியலின் குரல் இல்லாத பாட்டுகளே கன இருக்கின்றன. இதெல்லாம் மூன்றாவது பாட்டோடு நிறுத்தியவர்களுக்கு எப்படித் தெரியும்?

"சத்தம் பழசு" என்ற குறையை ஏற்றுக்கொள்கிறேன். தொண்ணூறுகளில் பதிந்ததை 2008இல்தான் வெளியிட்டார்கள், சில டிரம் சத்தங்களில் அந்த வயது தெரிகிறது. ஏழாவது பாட்டு எனக்கும் பிடிக்காது. அது கேப்ரியலின் 2003ஆம் ஆண்டுத் தொகுப்பில் ஏற்கெனவே வந்ததுதான், இங்கே தேவையே இல்லை. பார்த்தீர்களா, இதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை. ஏனென்றால் நான் கேட்டிருக்கிறேன்.

என்னைச் சுட்டது கடைசியாக வந்த கதை. "விபுலானந்தர் பிறந்த மண்ணில் இதையா கேட்பது, எங்கள் இசை தூய்மையானது" என்று கையை நீட்டிச் சொன்னார்கள். காரைதீவில் பிறந்த அந்தத் தமிழறிஞர் 1926இல் 'மதங்க சூளாமணி' என்ற நாடக நூலை எழுதியபோது சேக்ஸ்பியரைத் தமிழுக்குள் கொண்டுவந்து உட்கார்த்தினார். 1947இல் வந்த 'யாழ் நூல்', பழந்தமிழ் இசையைப் பற்றி விஞ்ஞானம் படித்தவர் கணக்கோடு எழுதிய புத்தகம். அவரைக் கதவடைக்க ஏன் பாவிக்கிறீர்கள்? போர்த்துக்கேயர் வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியரின் கல்யாண வீட்டில் வயலின் எடுத்தால் கப்ரிஞ்ஞா ஆட்டம் ஆடுகிறார்கள். அதுவும் இந்த ஊர்ச் சத்தம்தான்.

தூய்மை என்று சொன்னவர்களை ஒன்று கேட்கிறேன். எங்கள் ஊரில் கடைசியாக வடமோடிக் கூத்து ஆடினபோது எத்தனை பேர் விடியும்வரை இருந்தீர்கள்? நான் களரி ஓரத்தில்தான் இருந்தேன். பிரதம விருந்தினர் பொன்னாடை போட்டு, படம் எடுத்து, ராசாவின் வரவு முடிய முதல் போய்விட்டார். நடுச்சாமத்துக்குப் பிறகு ஆடுகிறவர்களின் தாய் தகப்பனும் தூங்கி விழும் பிள்ளைகளும்தான் மிச்சம். "ஒரு மணித்தியாலத்துக்குச் சுருக்கித் தாங்கோ" என்று கூத்துப் பழக்கும் அண்ணாவியாரிடம் கேட்பதும் இதே ஆட்கள்தான். சொந்தக் கூத்தையும் முழுக்கக் கேட்பதில்லை, ஊரான் பாட்டையும் முழுக்கக் கேட்பதில்லை.

என் மாமா மத்தளக்காரர். ஒருமுறை கொழும்பிலிருந்து சிலர் வந்து இரவிரவாகப் பதிந்துகொண்டு போனார்கள். பிறகு இறுவட்டு வந்தது. மாமா உறையை முன்னுக்கும் பின்னுக்கும் திருப்பினார். அவருக்குக் கண் சரியாகத் தெரியாது. "மனே, நம்மட பேர் எங்க கிடக்கு, வாசி" என்று என்னிடம் நீட்டினார். 'கிழக்கிலங்கை நாட்டார் இசை' என்று பெரிதாக இருந்தது. தயாரித்தவர் பெயர் இருந்தது, படம் எடுத்தவர் பெயர் இருந்தது. நான் வாசித்து முடித்ததும் அவர் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார்.

இதைப் படித்துவிட்டு, "வெள்ளைக்காரனுக்கு வக்காலத்து வாங்குகிறான்" என்று சொல்லத்தான் போகிறீர்கள். சொல்லுங்கள். அந்த வெள்ளைக்காரனின் தொகுப்பில் ஒவ்வொரு பாட்டுக்கும் நேரே பாடியவர் பெயரும் வாசித்தவர் பெயரும் இருக்கிறது. தூய்மையான எங்கள் இசையைத் தூய்மையாகப் பதிந்தவர்களுக்கு நாலு வரி எழுத மனம் வரவில்லை. எது சுரண்டல் என்று அந்த அண்ணன்தான் எனக்கு விளங்கப்படுத்த வேண்டும்.

அந்த இறுவட்டை வெளியிட்டவர்கள் கண்ணில் இது பட்டால் ஒரு வேண்டுகோள். அடுத்த பதிப்பில் பெயர்களைப் போடுங்கள். மத்தளம் அடித்தவர், சல்லரித் தாளம் போட்டவர், பிற்பாட்டுப் பாடிய நாலு பேர், எல்லாருடைய முழுப்பெயரும் ஊரும் என்னிடம் எழுதிக் கிடக்கிறது. கேட்டால் இன்றைக்கே அனுப்புவேன்.